பல்செட் ஒட்டுற கிரீம், பவுடர், ஸ்ட்ரிப்: எது எவ்வளவு நேரம் பிடிக்கும், யாருக்கு எது சரி

நீங்க கேட்டது இதுதான்: அம்மாவுக்கு 72 வயசு, மேலயும் கீழயும் முழு பல்செட், போட்டு ஆறு வருஷம் ஆச்சு, மேல் செட் பரவாயில்ல, கீழ் செட் பேசினாலே தூக்கிக்குது, சாப்பிடும்போது சொல்லவே வேணாம். கடையில கிரீம், பவுடர், ஸ்ட்ரிப், குஷன்னு நாலு விதம் இருக்கு, எது நல்லா பிடிக்கும், எதை வாங்கலாம்? நான் பல்செட் செய்யற டாக்டர், 20 வருஷத்துக்கு மேல இதே வேலை, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க. அவசரமா பதில் வேணும்னா இதோ: ரொம்ப நேரம் பிடிக்கறது கிரீம், சுலபமா கழுவிடலாம்ங்கறது பவுடர், கை நடுங்கறவங்களுக்கு ஸ்ட்ரிப், குஷன் வேண்டவே வேண்டாம். ஆனா ஆறு வருஷம் ஆன கீழ் செட் பேசும்போதே தூக்குதுன்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி அந்த செட்டோட அடிப்பக்கத்தை ஒரு பல் டாக்டர் பார்க்கணும். ஏன் அப்படி சொல்றேன்னு கீழ வரும்.

பல்செட் எப்படி வாயில நிக்குதுங்கறதை முதல்ல புரிஞ்சிக்கணும், அது தெரியாம எந்த டியூப் வாங்கினாலும் குருட்டாம்போக்கு தான். ரெண்டு கண்ணாடித் துண்டு எடுத்துக்கோங்க, நடுவுல ஒரு சொட்டு தண்ணி விட்டு ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு அமுக்குங்க. இப்போ நேரா மேல இழுத்துப் பாருங்க, லேசுல வராது. பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க, வழுக்கிட்டுப் போயிடும். பல்செட்டும் ஈறும் அந்த ரெண்டு கண்ணாடி மாதிரி தான், நடுவுல இருக்கற தண்ணிக்கு பதில் எச்சில். எச்சில் படலம் எவ்வளவு மெல்லிசா இருக்கோ அவ்வளவு பிடி. செட்டோட ஓரம் முழுக்க ஈறோட ஒட்டி காத்து உள்ள போகாம இருந்தா இன்னும் பிடி. எங்கயாவது ஒரு இடத்துல இடைவெளி விட்டுட்டா, காத்து உள்ள போயி மொத்தமும் கழண்டுக்கும்.

மேல் செட் ஏன் நிக்குது, கீழ் செட் ஏன் ஆடுதுங்கறதுக்கும் இதுலயே பதில் இருக்கு. பல்லு எல்லாம் இருக்கும்போது, ஒரு தாடையில வேர்களைச் சுத்தி எலும்போட பிடிச்சிக்கிட்டு இருக்கற பரப்பு சுமார் 45 சதுர சென்டிமீட்டர். பல்லு போனப்புறம் மேல் செட் உட்கார சுமார் 24 சதுர சென்டிமீட்டர் கிடைக்குது, ஏன்னா அண்ணம் முழுக்க மூடிக்குது. கீழ் செட்டுக்கு கிடைக்கறது 14 தான், அதுவும் லாடம் மாதிரி வளைஞ்ச ஒரு குறுகலான மேடு. நடுவுல நாக்கு சும்மா இருக்காது, ஒரு பக்கம் கன்னம் தள்ளும், முன்னாடி உதடு தள்ளும். அதனால கீழ் செட் ஆடறது உங்க அம்மாவோட தப்பு இல்ல, கீழ் செட் போடற எல்லாருக்கும் இந்த கஷ்டம் உண்டு, இதை அவங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க. பல பேர் எனக்கு மட்டும் தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டு நாலு பேரோட உட்கார்ந்து சாப்பிடறதையே விட்டுடறாங்க, அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும்.

சரி, இந்த ஒட்டுற பொருளெல்லாம் உள்ள போயி என்ன பண்ணுது? பேரு தான் பசை, ஆனா மரத்தை மரத்தோட ஒட்டற பசை மாதிரி நினைச்சுக்காதீங்க. அது எச்சிலை கெட்டியாக்குது, அவ்வளவு தான். எச்சில்ல இருக்கற தண்ணியை உறிஞ்சி, தன்னோட அளவைப் போல ஒண்ணரை மடங்குல இருந்து ரெண்டரை மடங்கு வரைக்கும் உப்பி, செட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கற சின்ன சின்ன இடைவெளியை அடைச்சு, வழவழன்னு கெட்டியா ஒரு படலமா நிக்கும். தண்ணி ஒரு சொட்டுக்கு பதில் தேன் ஒரு சொட்டு அந்த கண்ணாடி நடுவுல விட்டுப் பாருங்க, பக்கவாட்டுல தள்றதும் கஷ்டமாயிடும். அதே வேலை தான். சின்ன இடைவெளின்னு சொன்னதை கவனிச்சிக்கோங்க, பெரிய இடைவெளிக்கு தேன் ஊத்தி பிரயோஜனம் இல்ல.

கிரீமோ பவுடரோ ஸ்ட்ரிப்போ, வேலை செய்யற சரக்கு பெரும்பாலும் ஒரு சில பொருள் தான். ஒண்ணு சிஎம்சி, அதாவது கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ். இது தண்ணி பட்டதும் சட்டுன்னு உப்பி பிடிச்சிக்கும், ஆனா அதே வேகத்துல கரைஞ்சும் போயிடும். இன்னொண்ணு பிவிஎம்-எம்ஏ-ன்னு சுருக்கமா சொல்ற ஒரு பாலிமரோட, அதாவது நீளமான சங்கிலி மாதிரி கோர்த்த ஒரு வேதிப்பொருளோட உப்பு; அது கால்சியம் உப்பு, சோடியம் உப்பு, சில பிராண்டுல ஜிங்க் உப்பா இருக்கும். இது மெதுவா தான் தண்ணி குடிக்கும், பிடிக்க கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனா பிடிச்சா சீக்கிரம் விடாது, ஏன்னா கால்சியமும் ஜிங்க்கும் அந்த பாலிமர் சங்கிலிகளை ஒண்ணோட ஒண்ணு கோர்த்து வெச்சிடும், கரையறது குறையும். நல்ல கிரீம் எல்லாத்துலயும் இந்த ரெண்டும் சேர்ந்தே இருக்கும்: முதல்ல சிஎம்சி பிடிக்கும், அது கரைய ஆரம்பிக்கும்போது மத்தது பொறுப்பு எடுத்துக்கும். டியூப் வாங்கறப்போ பின்னாடி சின்ன எழுத்துல இருக்கற சேர்மானத்தைப் படிச்சாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும், முன்னாடி பெரிய எழுத்துல இருக்கற 12 மணி நேரம், எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

இதுக்கு முன்னாடி காலத்துல மரப்பிசின் தான் போட்டாங்க, கராயா, டிராககாந்த், அகேஷியா இந்த மாதிரி. அதெல்லாம் சூடா எதாவது குடிச்சாலே கரைஞ்சு போயிடும். கராயால இன்னொரு சிக்கல், அது புளிப்புத் தன்மை உள்ளது, வாயில சில சொந்தப் பல்லு மிச்சம் இருக்கறவங்களுக்கு அந்த பல்லோட எனாமலை அரிக்கும், சில பேருக்கு அலர்ஜியும் வரும். சேர்மானத்துல கராயா இருந்தா, அதுவும் பகுதி பல்செட் போடறவங்கன்னா, வேற பாருங்க.

இப்போ ஒவ்வொண்ணா வரேன். கிரீம். அந்த பாலிமர் தூளை வாஸலின் மாதிரி பெட்ரோலியம் ஜெல்லியிலயும் மினரல் ஆயில்லயும் குழைச்சது தான் கிரீம். எண்ணெய் சுத்தி இருக்கறதால எச்சில் உள்ள போக நேரம் ஆகும், அதனால தான் போட்ட உடனே பிடி கம்மியா இருக்கற மாதிரி தெரியும், வழுக்கற மாதிரி கூட இருக்கும், அஞ்சு பத்து நிமிஷத்துல இறுகும், அதுக்கப்புறம் நேரம் போகப் போக பிடி இன்னும் கூடும். இது தெரியாம பல பேர், போட்டேன் நிக்கல, இன்னும் கொஞ்சம் போட்டேன், அப்பவும் நிக்கல, இன்னும் கொஞ்சம்னு பிதுக்கிக்கிட்டே போவாங்க. எண்ணெய் இருக்கறதால கரையறதும் மெதுவா தான், அதனால நேரக் கணக்குல கிரீமை மத்தது எதுவும் பொதுவா அடிச்சிக்க முடியாது. என்கிட்ட வர்றவங்க சொல்றதை வெச்சு சொல்றேன், காலையில அளவா போட்டா மதிய சாப்பாடு வரைக்கும் நல்லா தாங்கும், சாயந்திரம் தளர ஆரம்பிக்கும், மேல் செட்டுன்னா ராத்திரி வரைக்கும் கூட வரும். 12 மணி நேரம்னு போட்டிருக்கறது பொய்னு சொல்லல, ஆனா அது நல்லா பொருந்தற செட்டுக்கு, அளவான எச்சிலுக்கு, ரொம்ப சூடா குடிக்காத வாய்க்கு. குறைன்னு பார்த்தா, கழுவறது பெரிய வேலை, ஈறுலயே பிசுபிசுன்னு ஒட்டிக்கும், அளவு கூடினா ஓரத்துல பிதுங்கி நாக்குல படும், செட் கொஞ்சம் உசந்து உட்கார்ந்து கடியே மாறிப்போகும்.

பவுடர். இதுல எண்ணெய் கிடையாது, அதனால ஈரம் பட்டதும் உடனே வேலை ஆரம்பிச்சிடும். படலம் ரொம்ப மெல்லிசு, கடி மாறாது, கழுவறதும் சுலபம், வெதுவெதுப்பான தண்ணியில பிரஷ் போட்டா போயிடும். ஆனா எச்சில் அதிகமா ஊறறவங்களுக்கு சீக்கிரமே கரைஞ்சு போயிடும், மதியம் ஒரு தடவை மறுபடி போட வேண்டி வரலாம். என்னைக் கேட்டா, நல்லா பொருந்தற மேல் செட்டுக்கு, ஒரு கல்யாணத்துல பேசணும், மேடையில நிக்கணும், மனசுக்கு ஒரு தைரியம் வேணும்ங்கறவங்களுக்கு பவுடர் தான் சரி. பலர் பவுடரை பழைய காலத்து சமாச்சாரம்னு ஒதுக்கிடறாங்க, அது தப்பு. கீழ் செட்டுல தூவினா நிக்காம சரிஞ்சு விழும், அதனால கீழ் செட்டுக்கு பவுடர் எனக்கு அவ்வளவா பிடிக்காது.

ஸ்ட்ரிப், இதையே வேஃபர், சீல், பேட்னு வேற வேற பேர்ல விக்கறாங்க. மெல்லிசான துணி மாதிரி ஒரு தாள்ல சோடியம் ஆல்ஜினேட், பாலிஎத்திலீன் ஆக்ஸைடு மாதிரி பொருளை ஏத்தி வெச்சிருப்பாங்க, சீ-பாண்ட்ங்கற பிராண்டு இந்த வகை. செட்டோட வடிவத்துக்கு கத்தரிச்சு, தண்ணியில நனைச்சு, அடியில படுக்க வெச்சு போட்டுக்கணும். பெரிய வசதி என்னன்னா அளவு தப்பாது. கை நடுங்கறவங்க, கண்ணு சரியா தெரியாதவங்க, டியூப்பை எவ்வளவு பிதுக்கறோம்னு தெரியாம நிறைய பிதுக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் ஒரு ஸ்ட்ரிப்னா ஒரு ஸ்ட்ரிப் தான். பெரும்பாலும் பிசுபிசுப்பு இல்லாம தாளா உரிஞ்சு வந்துடும். கிரீமை விட கொஞ்சம் தடிமன் இருக்கும், அதனால கச்சிதமா பொருந்தற செட்டுல போட்டா கடி உசந்த மாதிரி இருக்கும், கொஞ்சம் தளர்ந்த கீழ் செட்டுல போட்டா அந்த தடிமனே மெத்து மெத்துன்னு இருக்குன்னு சொல்லுவாங்க. நேரக் கணக்குல ஒவ்வொரு பிராண்டும் ஒவ்வொரு மாதிரி, பொதுவா கிரீமுக்கு கொஞ்சம் கீழ.

குஷன், லைனர்னு விக்கறது தனி ஜாதி. ஐஎஸ்ஓ 10873-ன்னு பல்செட் ஒட்டற பொருளுக்குன்னே 2010-ல ஒரு உலகத் தரம் வந்துச்சு, அதுலயே பவுடர், கிரீம், ஷீட் மூணையும் ஒரு வகையா வெச்சு, லைனரைத் தனி வகையா பிரிச்சிருக்காங்க. முதல் மூணும் தண்ணி குடிச்சு உப்பி ஒட்டறது, லைனர் அப்படி இல்ல, கரையாம அப்படியே இடைவெளியை அடைச்சிக்கிட்டு உட்காரும். போட்ட அன்னைக்கு சொர்க்கம் மாதிரி இருக்கும், வலி இல்ல, ஆட்டம் இல்ல. ஆனா அது எல்லா இடத்துலயும் ஒரே தடிமனா உட்காராது, செட் ஒரு பக்கம் சாஞ்சு நிக்கும், கடி ஒரு பக்கமா விழும், அந்தப் பக்கத்து எலும்பு மேல தினமும் பாரம் ஏறி ஏறி எலும்பு கரையும். எலும்பு கரைஞ்சா செட் இன்னும் தளரும், அதுக்கு இன்னும் தடிமனா குஷன். மாசக்கணக்குல இதையே போட்டுக்கிட்டு வர்றவங்களோட ஈறைப் பார்த்தா சிவந்து, மேடே இல்லாம மழுங்கிப்போயிருக்கும். அப்புறம் புது செட்டு செய்யறதுக்கே இடம் இருக்காது. டாக்டரைப் பார்க்கற வரைக்கும் ரெண்டு நாள் சமாளிக்கணும்னா கூட நான் ஸ்ட்ரிப்பைத் தான் சொல்லுவேன்.

எது எவ்வளவு பிடிக்குதுன்னு எப்படி அளக்கறாங்கன்னு சில பேர் கேப்பாங்க. லேப்ல ரெண்டு தட்டுக்கு நடுவுல பொருளை வெச்சு, தண்ணியில நனைச்சு, மெஷின் வெச்சு இழுத்து எவ்வளவு விசையில பிரியுதுன்னு பார்ப்பாங்க. வாயிலன்னா, முன்பல்லுக்கு நடுவுல ஒரு விசை மானியை வெச்சு, செட் கழண்டு வர்ற வரைக்கும் மெதுவா கடிக்கச் சொல்லுவாங்க, எந்த விசையில கழண்டதோ அது தான் அளவு. இன்னொரு பழைய முறை கபூர் இண்டெக்ஸ், 1967-ல வந்தது, டாக்டர் கையால செட்டை இழுத்தும் அசைச்சும் பார்த்து மார்க் போடறது. லேப்ல முதல் இடத்துல வர்ற பொருள் வாயிலயும் முதல் இடத்துல வரும்னு சொல்ல முடியாது, ஏன்னா தட்டுக்கு நாக்கு கிடையாது, எச்சில் ஊறாது, காபி குடிக்காது. வாயில பண்ணின ஆராய்ச்சிகள்ல திரும்பத் திரும்ப வர்றது இது தான்: எதுவும் போடாததுக்கும் எதையாவது போட்டதுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் நல்லாவே தெரியும், செட் ஆட்டம் குறையும், கடிக்கற பலம் கூடும், செட்டுக்கு அடியில உணவு போறது குறையும். பிராண்டுக்கும் பிராண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் அதை விட ரொம்ப சின்னது. அதனால ஒரு கிரீம் பிடிக்கலன்னு ஆறு பிராண்டு மாத்திப் பார்க்கறதுல காசும் நேரமும் தான் போகும்.

பலம் கூடும்னு சொன்னேன்ல, அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. முழு பல்செட் போட்டவங்க கடிக்கற பலம் சொந்தப் பல்லு இருக்கறவங்களோட பலத்துல நாலுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணு தான் இருக்கும். எந்த பசையும் அதை பழைய பலத்துக்கு கொண்டு போகாது. ஆப்பிளை அப்படியே முன்பல்லால கடிச்சா எவ்வளவு நல்ல கிரீமா இருந்தாலும் மேல் செட்டோட பின் ஓரம் தூக்கிடும். துண்டு துண்டா நறுக்கி, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பின்பல்லால மென்னா பாதி பிரச்சனை பசை இல்லாமலே தீரும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன், அளவு. சில வருஷம் முன்னாடி ஒரு பெரியவர் என்கிட்ட வந்தாரு, சட்டைப் பாக்கெட்ல இருந்து கைக்குட்டையை எடுத்தாரு, அதுக்குள்ள ஒரு டியூப், பல்துலக்கற பேஸ்ட் டியூப் தீரும்போது உருட்டுவோமே அது மாதிரி கீழ இருந்து இறுக்கி உருட்டி வெச்சிருந்தாரு. எப்போ வாங்கினதுன்னு கேட்டேன், திங்கக்கிழமைன்னாரு. அன்னைக்கு வெள்ளிக்கிழமை. கீழ் செட்டைக் கழட்டித் தரச் சொன்னேன், உள்பக்கம் பள்ளமே தெரியல, இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் கிரீம், அதுல ஈறோட அச்சு தடிமனா பதிஞ்சிருந்துச்சு, விரல் வெச்சா விரல் நகம் முழுக்க உள்ள போகுது. அவ்வளவு இடைவெளி. அந்த செட்டு போட்டு 14 வருஷம் ஆகியிருந்துச்சு. அவருக்குத் தேவைப்பட்டது வேற கிரீம் இல்ல, வேற செட்டு.

இதுல உடம்புக்கு வர்ற ஆபத்தும் இருக்கு, லேசா எடுத்துக்காதீங்க. 2008-ல நியூராலஜி இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு, நாலு பேர், எல்லாரும் ஜிங்க் இருக்கற பல்செட் கிரீமை வாரத்துக்கு ரெண்டு டியூப் அல்லது அதுக்கு மேல வருஷக்கணக்குல போட்டவங்க. அவங்க ரத்தத்துல ஜிங்க் ஏறி, செம்புச் சத்து இறங்கி, கால் மரத்துப்போயி, நடை தடுமாறி, நரம்பு பாதிச்சிருந்துச்சு. அந்த கிரீம்கள்ல ஒரு கிராமுக்கு 17-ல இருந்து 34 மில்லிகிராம் வரைக்கும் ஜிங்க் இருந்துச்சு. ஒரு டியூப் 68 கிராம், வாரம் ரெண்டுன்னா ஒரு நாளைக்கு 19 கிராம் கிரீம், கணக்குப் போட்டா 300 மில்லிகிராமுக்கு மேல ஜிங்க் வாய்க்குள்ள போகுது, பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு தான் அமெரிக்காவுல வரம்பே வெச்சிருக்காங்க. 2010-ல கிளாக்ஸோஸ்மித்கிளைன் கம்பெனி தன்னோட சூப்பர் பாலிகிரிப்ங்கற பல்செட் கிரீம்ல இருந்து ஜிங்க்கை எடுத்துடுச்சு, இப்போ ஜிங்க் இல்லாத கிரீம் நிறைய கிடைக்குது. அளவா போடறவங்களுக்கு ஜிங்க் இருக்கற கிரீமும் ஆபத்து இல்ல, ஆனா அளவு தெரியாம போடற வயசானவங்க வீட்டுல இருந்தா ஜிங்க் இல்லைன்னு போட்டிருக்கறதையே வாங்குங்க, எதுக்கு வீண் கவலை. ஏற்கனவே நிறைய போட்டுக்கிட்டு இருந்தவங்களுக்கு கால் மரத்துப்போற மாதிரி இருந்தா கிரீமை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போயி இந்த விஷயத்தை நீங்களே எடுத்துச் சொல்லுங்க, கேட்கற வரைக்கும் காத்திருக்க வேணாம், பல்செட் கிரீமுக்கும் காலுக்கும் சம்பந்தம் இருக்கும்னு யாருக்கும் சட்டுன்னு தோணாது.

சரியான அளவுன்னா எவ்வளவு? ஒரு செட்டுக்கு பட்டாணி அளவுல மூணோ நாலோ பொட்டு, அவ்வளவு தான், அமெரிக்க செயற்கைப்பல் மருத்துவர்கள் கல்லூரி 2011-ல கொடுத்த வழிகாட்டுதல்லயும் இதே தான். அப்படி போட்டா 68 கிராம் டியூப் மேல கீழ ரெண்டு செட்டுக்கும் சேர்த்து ஏழெட்டு வாரம் வரணும். செட்டைக் கழுவித் தொடைச்சிட்டு, கீழ் செட்டுன்னா நடுவுல ஒரு பொட்டு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. மேல் செட்டுன்னா மேடு ஓரமா மூணு, அண்ணத்து நடுவுல ஒண்ணு. ஓரத்துக்கு ரொம்ப பக்கத்துல வைக்காதீங்க, பிதுங்கும். செட்டு ஈரமா இருக்கணுமா உலர்ந்து இருக்கணுமாங்கறது பிராண்டுக்கு பிராண்டு மாறும், அட்டையில என்ன சொல்லியிருக்கோ அப்படியே பண்ணுங்க. வாயைக் கொப்பளிச்சிட்டு செட்டை வெச்சு, சில விநாடி அமுக்கிப் பிடிச்சு, லேசா கடிச்சுக்கிட்டு இருக்கணும். அஞ்சு நிமிஷம் எதுவும் சாப்பிட வேணாம், குடிக்க வேணாம். பவுடர்னா செட்டை நனைச்சு, மெல்லிசா ஒரே சீரா தூவி, தலைகீழா தட்டி மிச்சத்தை உதறிட்டு போடணும். ஓரத்துல கிரீம் பிதுங்கி வழிஞ்சா அது அதிகம்னு அர்த்தம், நாளைக்கு ஒரு பொட்டு குறைச்சுப் பாருங்க.

வாய் வறண்டு போறவங்களுக்கு ஒரு விஷயம். பிரஷர், மனசு சம்பந்தமான மாத்திரை, அலர்ஜி மாத்திரை இதுல பலதும் எச்சிலைக் குறைக்கும். எச்சில் இல்லன்னா இந்த பொருள் எதுவும் உப்பாது, கிரீம் கட்டி கட்டியா அப்படியே கிடக்கும். அவங்க செட்டு போடறதுக்கு முன்னாடி தண்ணி குடிச்சு, கொப்பளிச்சு, செட்டையும் லேசா நனைச்சுக்கிட்டு போடணும், பவுடரை விட நனைச்ச ஸ்ட்ரிப் அவங்களுக்கு ஒத்துவரும்.

ராத்திரி கழட்டறது. அப்படியே பிடுங்காதீங்க, வெதுவெதுப்பான தண்ணியை வாயில வெச்சு கொப்பளிச்சு, செட்டை லேசா ஆட்டி ஆட்டி எடுங்க. செட்டுல இருக்கறதை மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷால வெதுவெதுப்பான தண்ணியில தேய்ங்க, கொதிக்கற தண்ணி கூடவே கூடாது, செட்டு கோணிக்கும். ஈறுல ஒட்டியிருக்கறதை ஈரத்துணியை விரல்ல சுத்தி துடைச்சா வந்துடும். பழைய கிரீம் மேல புது கிரீம் போடறது தான் பலர் பண்ற தப்பு, அந்த பழைய படலத்துல பூஞ்சை வளரும். செட்டைப் போட்டுக்கிட்டே தூங்கவும் கூடாது. ஜப்பான்ல 85 வயசு தாண்டின 524 பேரை வெச்சு பண்ணி 2015-ல வந்த ஆராய்ச்சியில, செட்டோட தூங்கினவங்களுக்கு நிமோனியா வர்ற ஆபத்து ரெண்டு மடங்குக்கு மேல இருந்துச்சு.

உடைஞ்ச செட்டுக்கோ ஆடற செட்டுக்கோ வீட்டுல இருக்கற சூப்பர் க்ளூ, ஃபெவிகால் மாதிரி எதையும் போட விடாதீங்க. போட்டுட்டு வர்றாங்க, உண்மையா தான் சொல்றேன். ஈறு புண்ணாயிடும், செட்டையும் அப்புறம் சரி பண்ண முடியாது.

இப்போ உங்க அம்மாவோட ஆறு வருஷ செட்டு. பல்லு போன இடத்துல எலும்பு நிக்காம தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும், கீழ்த் தாடையில அது மேல் தாடையை விட சுமார் நாலு மடங்கு தேயும்னு 25 வருஷம் தொடர்ந்து பார்த்து 1972-ல எழுதியிருக்காங்க. செட்டு அதே செட்டு தான், அடியில இருக்கற தரை இறங்கிடுச்சு. இதுக்கு ரீலைன்னு ஒரு வேலை இருக்கு, இப்போ இருக்கற ஈறோட அளவை எடுத்து, அந்த செட்டோட உள்பக்கத்தை மட்டும் புதுசா ஊத்தித் தர்றது. பல்லெல்லாம் தேயாம கடி சரியா இருந்தா அது போதும், புது செட்டு தேவையில்ல. ரீலைன் பண்ணினப்புறம் அதே கிரீமை பாதி அளவுல போட்டாலே முன்னைவிட நல்லா நிக்கும், என்கிட்ட வந்தவங்கள்ல நிறைய பேர் அதுக்கப்புறம் மேல் செட்டுக்கு கிரீம் போடறதையே விட்டுட்டாங்க. எலும்பு ரொம்பவே தேய்ஞ்சு மேடே இல்லன்னா, கீழ்த் தாடையில முன்பக்கம் ரெண்டு இம்ப்ளாண்ட், அதாவது எலும்புக்குள்ள பதிக்கற ஆணி மாதிரி ஒண்ணு, வெச்சு அதுல செட்டை கிளிப் மாதிரி மாட்டிக்கலாம், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு இது தான் முதல் தேர்வா இருக்கணும்னு 2002-லயே மெக்கில் பல்கலைக்கழகத்துல கூடின நிபுணர்கள் சொல்லிட்டாங்க. அதுக்கு செலவு இருக்கு, சுகர் மாதிரி உடம்பு நிலையும் பார்க்கணும், அதை டாக்டரோட உட்கார்ந்து பேசுங்க.

அது வரைக்கும் உங்க அம்மாவுக்கு நான் சொல்றது: கீழ் செட்டுக்கு ஜிங்க் இல்லாத கிரீம், மூணு பொட்டு, சாப்பாட்டுக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னாடி. பிதுக்க கஷ்டப்பட்டாங்கன்னா ஸ்ட்ரிப். மேல் செட் நல்லா தானே நிக்குது, அதுக்கு எதுவும் போடாதீங்க. டியூப்பைத் திறக்கற அன்னைக்கு அதோட அடி மடிப்புல பேனாவால தேதியை எழுதி வெச்சிடுங்க. கீழ் செட்டுக்கு மட்டும் போட்டும் ஒரு மாசத்துக்குள்ள டியூப் தீர்ந்துடுச்சுன்னா, புது டியூப் வாங்காம, அந்த காலி டியூப்பையும் செட்டையும் எடுத்துக்கிட்டு பல் டாக்டர்கிட்ட போங்க, தேதியைக் காட்டுங்க.